காலையில் எழுதியது நிற்பதில்லை

ஹிதார் 4, திங்கள்

எங்கள் மருந்துக் கிடங்கின் தலைமையகத்தோடு திரையில் கூட்டம், மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டினேன். பொத்தான் வயிற்றோடு சண்டை போட்டது. விடிந்து மூன்று மணி நேரம் ஆனதும், என் கைக்கடிகாரத்தில் சரியாக மூன்றுக்கு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கறுத்த திரைக்கு ஐந்து முறை வணக்கம் சொன்னேன்.

ஸினாஷ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியல் எடுத்து வண்டியில் மருந்து ஏற்றி அனுப்புவது அவள் வேலை. என்னைப் பார்த்துச் சிரிப்பது உபதொழில். "அண்ணே, அடிஸ்காரங்க இப்பல்லாம் பரங்கி மணியிலதான் சொல்றாங்க. நாம விடியறதுலேருந்து எண்ணுறோம், அவங்க மூணு நமக்கு ஒம்பது. மத்தியானச் சாப்பாடெல்லாம் முடிஞ்சப்புறம். கோட்டைக் கழட்டிட்டுக் கொஞ்சம் காத்தாடுங்க."

ஒன்பதுக்கு மறுபடி கோட்டு. மேலாளர் பெலெத்தே பேசினார்: இனிமேல் காகிதம் வேண்டாம், கெட்டுப்போன மருந்துப் பெட்டிக்குச் சிவப்பு நூல் கட்டும் பழக்கம் வேண்டாம், திரையில் இருப்பதுதான் உண்மை. பிறகு மெக்லித் என்ற இன்ஜினியர் பெண் விளக்கினாள். முன்பு போல அடிஸ் அபாபாவில் ஒரே மெஷின் இல்லையாம். அடிஸ், ஜிம்மா, எங்கள் தெஸ்ஸே, மூன்று ஊரிலும் ஒவ்வொன்று. இதில் முதலாளி என்று யாரும் கிடையாது. நெட் அறுந்தாலும் அவரவர் ஊரில் எழுதிக்கொண்டே இருக்கலாம். நெட் வந்ததும் மூன்றும் கூடிப் பேசி ஒரே கணக்காக ஆக்கிக்கொள்ளும். மூன்று நாத்தனார்கள் மாதிரி என்று சொல்லிவைத்தேன். ஒலிவாங்கி திறந்திருந்தது எனக்குத் தெரியாது.

ஹிதார் 5, செவ்வாய்

ராத்திரி முழுக்க மின்சாரம் இல்லை. காலையில் மெஷினைத் தட்டி எழுப்பினால், அடிபட்டு நினைவு தப்பியவன் போல இன்று என்ன தேதி, என்ன மணி என்று கேட்கிறது. நெட்டும் இல்லை. மெக்லித்துக்குப் போன் போட்டேன். கேட்டால் கொடுங்கள் என்றாள். சுவர்க் காலண்டரைப் பார்த்து, தேதியைக் கவனமாகப் பரங்கித் தேதியாக மாற்றி நவம்பர் 14 என்று கொடுத்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியும் கொடுத்தேன். பத்தாம் வகுப்பு வீண்போகவில்லை.

ஹிதார் 6, புதன்

புது ஏற்பாடு எனக்குப் பிடித்துவிட்டது. நெட் மூன்று தடவை போனது, நான் ஒரு தடவைகூடக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பழையதில் ஒவ்வொரு மருந்துக்கும் ஆறே கட்டங்கள். இதில் மூட்டைக்குள் போடுவது போல எதை வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாம் நம்பர் குளிர்ப்பெட்டியின் கதவு மாமியார் மாதிரி முனகுகிறது என்று எழுதிவைத்தேன்.

ஹிதார் 8, வெள்ளி

முனகிய கதவு பழிவாங்கிவிட்டது. இரண்டாம் நம்பர் பெட்டி அளவுக்கு மேல் குளிர்ந்து, லாட் 417 என்ற சரக்குத் தொகுதி முழுக்க உறைந்து கிடந்தது. அறுபது குப்பி இன்சுலின். உறைந்த இன்சுலின் தண்ணீருக்குச் சமம். அதை நம்பிப் போட்டுக்கொள்கிறவன் கதி அதோகதி. காலை இரண்டு மணி இருக்கும். நெட் இல்லை. "417 உறைந்தது, அனுப்பாதே" என்று எழுதினேன். பதிந்தது, இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மற்றப் பெட்டிகளில் இடமில்லை, குப்பிகளை இருந்த இடத்திலேயே விட்டேன். கை தானாக மேசை இழுப்பறைக்குள் சிவப்பு நூலைத் தேடியது. வேண்டாம் என்றார்களே என்று மூடிவிட்டேன். பிறகு மெக்கானிக்கைத் தேடிப் போனேன், சாயங்காலம் வரை அங்கேதான்.

ஹிதார் 9, சனி

மருந்துக்கடை நூரு போன் செய்தார். "என்னய்யா அனுப்பிருக்கே? குப்பிக்குள்ள மணல் மணலா மிதக்குது."

எது? 417.

ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். 417: நல்லது, அனுப்பலாம். நான் எழுதியது இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை. நேற்று மத்தியானம் ஸினாஷ் திரையில் இருந்ததைப் பார்த்துப் பட்டியல் எடுத்து ஐந்து கடைகளுக்கு அனுப்பியிருக்கிறாள்.

நான் எழுதினேனா? எழுதினேன். எழுதினேன்தானே?

ஹிதார் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஸினாஷும் நானும் வண்டி எடுத்துக்கொண்டு கடை கடையாய், வீடு வீடாய். ஐம்பத்தெட்டு குப்பி திரும்பிவிட்டது. ஒன்று ஒரு கிழவரிடம் பிரிக்காமல் இருந்தது. இன்னொன்றை ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் இரண்டு நாள் போட்டிருக்கிறார், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். பிழைத்துக்கொள்வார் என்றார் டாக்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வரும் வழியில் ஸினாஷ் திரும்பிய குப்பிகளை இரண்டு முறை எண்ணினாள். இரட்டைப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் காலையிலிருந்து என்னோடு அலைந்தவள்.

ஹிதார் 11, திங்கள்

பெலெத்தே போனில். குரல் உயரவில்லை, அதுதான் பயம்.

"வொர்க்கினே, தெஸ்ஸேல இருந்து அப்படி ஒரு பதிவே இங்க இல்ல. ஒண்ணு நீங்க எழுதல. இல்ல, எழுதினதை யாரோ அழிச்சிருக்காங்க. எது?"

நான் எழுதினேன் சார் என்றேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த ரூம்ல யார் இருந்தா?"

ஸினாஷ் என்றேன். தனியாகவா என்றார். தனியாகத்தான் என்றேன். பட்டியல் குறைந்தால் திட்டு விழும் என்று அவளே மாற்றியிருப்பாளோ என்று கேட்டார்.

"மனுஷ மனசை யாரு சார் கண்டா" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவள் தனியாகத்தான் இருந்தாள். மனுஷ மனசை யாரும் கண்டதும் இல்லை. பிறகு ஏன் இன்ஜெரா ரொட்டித் தட்டைத் தள்ளிவைத்தேன்? என் மனைவி அஸ்னகெச் ஒரு கவளத்தைச் சுருட்டித் தானே என் வாயில் வைத்தாள். மென்றுகொண்டே இருந்தேன்.

ஹிதார் 12, செவ்வாய்

ஊரெல்லாம் குப்பை எரிக்கும் நாள். தெருத்தெருவாய்ப் புகை.

ஸினாஷை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், விசாரணை முடியும்வரை. மேசையில் இருந்த கோப்பை, பிள்ளைகளின் படம், சால்வை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். "நான் அழிச்சேன்னு சொல்றாங்க அண்ணே. நான் எதுக்கு அழிக்கணும்? இன்சுலின் என்ன எனக்குச் சக்களத்தியா?"

அழுகிறீர்களா என்று கேட்டாள். புகை என்றேன்.

ஹிதார் 13, புதன்

வேலை இரட்டிப்பு. பட்டியலும் நானே. எழுதினதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், பால் அடுப்பில் வைத்தவள் மாதிரி. அவள் இல்லாத அறையில் என்னைக் கேலி செய்ய ஆள் இல்லை. நானே செய்துகொள்கிறேன், ருசிக்கவில்லை.

ஹிதார் 14, வியாழன்

இன்றைக்கு ஒன்றைக் கண்டேன். காலை மூன்று மணிக்குப் பஞ்சுச் சுருள் லாட்டில் "பெட்டி நசுங்கியது" என்று எழுதினேன். அது அடிஸ்காரர்கள் விடிந்ததும் திரையில் தொட்ட லாட். திரையைப் புதுப்பித்தால், என் வரி இல்லை! ஸினாஷ் இல்லை. யாருமே இல்லை. நானும் மெஷினும்தான்.

அப்படியானால் அவள் அழிக்கவில்லை.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். போனை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். யாரிடம் சொல்வது? சொன்னால், மூணு நாள் முன்னால் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க மாட்டார்களா? முதலில் இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன்.

ஹிதார் 15, வெள்ளி

கறி தொடாத நோன்பு தொடங்கிவிட்டது. ஹிருத் கேட்டாள்: "அப்பா, நோன்புக்கு முந்தின நாள் அறுக்கற ஆட்டுக்குத்தானே இந்த முகம் இருக்கும்? ஆடு தப்பிச்சாச்சே, இன்னும் ஏன்?" பதினோராம் வகுப்புப் படிக்கிறாள், நான் எட்டிப் பார்க்காத வகுப்பு. வாய் மட்டும் என்னுடையது.

அதே பஞ்சு, அதே வரி. காலையில் எழுதினேன், நிற்கவில்லை. சாயங்காலம் பத்து மணிக்கு எழுதினேன், நின்றது.

ஹிதார் 16, சனி

காலையில் எழுதியது நிற்பதில்லை, சாயங்காலம் எழுதியது நிற்கிறது. பேய் பிடித்த மெஷின் என்று சொன்னால் பெலெத்தே என்னை எங்கே அனுப்புவார்?

ஹிதார் 18, திங்கள்

மெக்லித்துக்குப் போன் போட்டேன். அவள் குரலும் சோர்ந்திருந்தது. இந்த ஏற்பாட்டையே தூக்கிவிடலாம் என்று பெலெத்தே பேசுகிறாராம். பஞ்சுக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணா, ரெண்டு ஊரு ஒரே லாட்டைப் பத்தி ரெண்டு விதமாச் சொன்னா, மெஷின் பெரியவர் யாருன்னெல்லாம் பார்க்காது. மணியைப் பார்க்கும். யாரு கடைசியாச் சொன்னாங்களோ அதை வச்சுக்கும், மத்ததை விட்டுடும்."

நான்தானே கடைசியாகச் சொன்னேன் என்றேன்.

மெக்லித் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "இப்ப உங்க கடிகாரத்துல மணி என்ன?"

"நாலு."

"மெஷின்ல?"

"அதுவும் நாலுதான். ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்ல."

பிறகு மெதுவாக, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள் போல, "அண்ணா... மெஷினுக்கு நம்ம மணி தெரியாது. அதுக்குப் பரங்கி மணி மட்டும்தான். பரங்கி மணி இப்ப பத்து, அதுல நாலுன்னு இருக்கு."

விரல் விட்டு எண்ணினேன்.

ஆறு மணி நேரம். தேதியை மாற்றிக் கொடுத்த மேதாவி மணியை மாற்றவில்லை. தெஸ்ஸே மெஷின் அன்றிலிருந்து ஆறு மணி நேரம் பின்னால் நடந்துகொண்டிருக்கிறது. நான் காலை இரண்டு மணிக்கு எழுதியதை, ஊர் தூங்கும்போது எழுதியதாகக் கணக்குப் போட்டிருக்கிறது. விடிந்ததும் பழைய பட்டியலைச் சரிபார்த்து அடிஸ்காரர்கள் எழுதிய "நல்லது" அதற்குப் பிந்தியதாம். நெட் வந்ததும் மூன்றும் கூடிப் பேசி, பிந்தியதை வைத்துக்கொண்டு என் வரியை விட்டுவிட்டன. சாயங்காலம் எழுதினால் ஆறு மணி நேரம் பின்னால் போனாலும் அடிஸின் காலைப் பதிவுக்குப் பிறகுதான் விழுகிறது, அதனால் நிற்கிறது. இத்தனை நாளும் திரையின் மூலையில் மணி இருந்தது. எங்கள் கைக்கடிகாரத்தோடு அவ்வளவு அழகாகப் பொருந்தியதால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நெட் வந்தபிறகு தானாகத் திருத்திக்கொள்ளாதா என்று கேட்டேன்.

"சின்ன வித்தியாசம்னா தானே திருத்திக்கும் அண்ணா. இவ்வளவு பெருசுன்னா, ஏதோ விபரீதம்னு பயந்து பேசாம இருந்துடும்." சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்டாள்: "அன்னைக்குக் கொடுக்கச் சொன்னேனே, அந்த மணியைக் கையால போட்டது யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. தாங்க முடியாமல் போனை வைத்தேன். வைத்தபிறகு, வெறும் மேசை. ஸினாஷின் கோப்பை இருந்த இடத்தில் ஒரு வட்டக் கறை.

ஹிதார் 19, செவ்வாய்

திரையில் கூட்டம். மூன்று ஊரும் இருந்தது. கோட்டு போடவில்லை. கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி, குற்றவாளி இவன், கூட்டாளி நான் என்றேன். ஜிம்மாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இனி வேலையை விட்டுப் போகச் சொல்வார்கள், அஸ்னகெச்சிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெலெத்தே சிரிக்கவில்லை. "அடிஸ்ல இருந்தவன்கூட ரெண்டு தடவை இதே தப்பைப் பண்ணிட்டு வாயைத் திறக்கல. நீங்க ஒத்துக்கிட்டீங்க. நேர்மையான ஆளு" என்றார். சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஸினாஷுக்குக் கடிதம் இன்றே போகும் என்றார். இனிமேல் எந்த ஊரிலும் கையால் மணி கொடுக்கக்கூடாது. கெட்ட பெட்டிக்குச் சிவப்பு நூலும் கட்டலாம்.

ஹிதார் 20, புதன்

டீச்சர் வீடு திரும்பிவிட்டார். நூரு சொன்னார். எனக்குப் புதுப்பெயரும் அவரே வைத்திருக்கிறார்: "ஆறு மணி வொர்க்கினே." கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது.

ஹிதார் 21, வியாழன்

ஹிருத் பள்ளியில் எங்கப்பா மாதிரி நேர்மையானவர் கிடையாது என்று சொன்னாளாம். அஸ்னகெச் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். பேச்சை மாற்றினேன்.

ஹிதார் 25, திங்கள்

ஸினாஷ் வந்துவிட்டாள். கோப்பை பழைய கறையின் மேலேயே உட்கார்ந்தது. மெஷினின் நெற்றியில் ஒரு காகிதம் ஒட்டினாள்: "வொர்க்கினே அண்ணன் மணி கேட்டால் கொடுக்கலாம். மெஷின் கேட்டால் கொடுக்கக்கூடாது."

மத்தியானம் கரி மூட்டிக் காப்பி போட்டாள். முதல் கோப்பையில் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். இரண்டாவதில் அந்தப் பதிமூன்று நாளைப் பற்றி: பக்கத்து வீட்டுக்காரி பேச்சை நிறுத்தியது, வேலை நின்றதைத் தன் கூடப்பிறந்த அண்ணனிடம் கடைசியில் சொல்ல வேண்டிவந்தது. மூன்றாவது ஆசீர்வாதக் கோப்பை. அதைக் குடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அதை என் கையில் கொடுத்தபடி சொன்னாள்:

"வேற யாராவதா இருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்கண்ணே. எனக்கு ஒண்ணுதான் புரியல. நான் தனியா இருந்தேன்னு பெலெத்தே காதுல யாரு போட்டிருப்பா?"

காப்பி தண்ணியாக இருந்தது, மூன்றாம் கோப்பை அப்படித்தான் இருக்கும். நன்றாயிருக்கிறது என்றேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதையும் குடித்தேன்.

மெக்லித் கேட்டபோது எவ்வளவு சுலபமாக வந்தது அந்த ஒரு சொல். அவளிடம் வராததை இங்கே எழுதுகிறேன்: நான்தான், ஸினாஷ்.