ஞாயிற்றுக்கிழமைச் சுவர்

தெரணியகலை
4 ஆகஸ்ட் 2024

அன்பான ராகினி அக்காவுக்கு,

போனில் பேசினால் நீங்களும் அழுகிறீர்கள், நானும் அழுகிறேன், சேதி மட்டும் போய்ச் சேர்வதில்லை. அதனால் இனிக் கடிதம்தான். நீங்களும் நல்லையா அண்ணனும் சுகமா? கடைக்குப் பின்னால் கொடுத்த அறை ஒழுகாமல் இருக்கிறதா?

தனி வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று தெரிகிறது. தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி இருந்த வீடுகளில் எப்படியிருக்கும்? பீலியடியில் தண்ணீர்ச் சண்டை, மத்தியானம் பாட்டு, பொழுது சாய்ந்தால் தவறணையில் குடித்துவிட்டு வருகிறவர்களின் வசனம். இங்கே ஒன்றுமில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பாய் விரித்தால் தகரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கும். "என்னா புஷ்பா, செத்த வீடு மாதிரி இருக்கு" என்கிறார் எங்கள் வீட்டுக்காரர். எனக்கு இந்த ஒன்றும் நடக்காத நாள் பிடித்திருக்கிறது அக்கா. கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் பகலில் தூங்குகிறேன்.

ஒரு விஷயத்தை உங்களிடம் மறைக்க முடியவில்லை. லயத்தில் நம் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். நீங்கள் ஞாயிறுகளில் கைக்காசுக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனதும் தர்மிளா அதில் தட்டுவாளே, படபடவென்று இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. "சித்தி, என்னா கறி?" என்று அதற்கு அர்த்தமாம். மண் சரிந்து உங்கள் காம்பராவும் பிள்ளையும் போய் வருடம் ஒன்று தாண்டிவிட்டது. இப்போது கொஞ்ச நாளாக, ஞாயிறு மத்தியானம், இந்த வீட்டுப் பின்சுவரில் அதே சத்தம் கேட்கிறது. அந்தப் பக்கம் தேயிலையைத் தவிர ஒன்றுமில்லை.

எனக்குப் பயமில்லை. "கருவாடுடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கச்சி
புஷ்பவதி


ருவான்வெல்லை
13 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தங்கச்சி புஷ்பாவுக்கு,

பிள்ளையின் அப்பாவும் வாசிக்கட்டும் என்று உன் கடிதத்தை நல்லையாவிடம் கொடுத்தேன். பாதியில் மடித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் மீதியை வாசித்தேன், பிறகு முதலிலிருந்து வாசித்தேன்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. இங்கேயும் ஞாயிறு அமைதிதான். மத்தியானம் கடை பூட்டிவிடுவார்கள், பஜாரில் நாய் குரைப்பதுகூடக் கேட்காது. சத்தம் வேண்டாமென்று ரேடியோவை எடுத்துக் கடையில் வைக்கச் சொன்னேன். சுவர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கிறேன். ஒரு தட்டுக்கூட இல்லை. பெற்றவள் நான் இங்கே காத்துக் கிடக்க, அவள் உன்னிடம் கறி கேட்டுக்கொண்டிருக்கிறாளா?

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு வருகிறேன். சமைத்து வை. பேச்சு வேண்டாம். நான் அந்தச் சுவரோரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன் அக்கா
ராகினி


தெரணியகலை
9 செப்டம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நேற்று நீங்கள் சோற்றைத் தொடக்கூட இல்லை. கடைசி பஸ் வரும்வரை சுவரில் காதை வைத்தபடி இருந்தீர்கள். உங்களை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சொன்னால் மனம் நோகும், சொல்லாவிட்டாலும் பாவம். நீங்கள் பஸ் ஏறி, நான் வீட்டுக்குத் திரும்பி, விளக்குப் போடுவதற்குள் தட்டினாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சுவரருகே குந்தி உட்கார்ந்து சொன்னேன்:

"அடியேய், ஒங்கம்மா இவ்ளோ நேரம் இங்கதான்டி இருந்தா. இனி இங்க வராத, அவகிட்டப் போ. ரோட்டுக்கு எறங்கி அவிசாவளை பஸ்ஸுல ஏறு. ஸ்டாண்டுல எறங்கி, கேகாலை பஸ்ஸப் பாத்து ஏறணும். ருவான்வெல்லையில எறங்கணும்னு கொண்டக்டர்கிட்ட சிங்களத்துல சொல்லு, ஒனக்குத்தான் நல்லா வருமே. பஜார்ல பலசரக்குக் கடைக்குப் பின்னால ரூம். மிதிபலகையில நிக்காத."

பைத்தியக்காரி என்று நினைப்பீர்கள். ஆனால் நான் சொல்லி முடித்ததும் மெதுவாக ஒரே ஒரு தட்டுக் கேட்டது, சரி என்கிற மாதிரி. அடுத்த ஞாயிறு உங்கள் சுவரைக் கவனியுங்கள் அக்கா.

தங்கச்சி
புஷ்பா


தெரணியகலை
29 செப்டம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதிலே இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அன்றைக்குப் பிறகு இங்கே சத்தம் நின்றுவிட்டது. இன்றும் மத்தியானம் முழுக்க விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். முன்பு ஆசைப்பட்டேனே ஓர் அமைதி, இப்போதுதான் அது முழுசாக வந்திருக்கிறது. வந்த பிறகு வேண்டாமென்று இருக்கிறது. நான் யாருக்குக் கறி பெயர் சொல்வது? ஆனாலும் அவள் உங்களிடம்தானே வந்திருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

வந்துவிட்டாள் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

புஷ்பா


ருவான்வெல்லை
21 அக்டோபர் 2024

புஷ்பாவுக்கு,

அவள் வரவில்லை.

உன் கடிதம் கிடைத்த அந்த வாரம் அறையைக் கழுவி, அவளுக்குப் பிடித்த பலாக்கொட்டைக் கறி வைத்தேன். நல்லையாவை வெளியே அனுப்பிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் என் கையைப் பிடிக்காமல் ஒருநாளும் பஸ் ஏறியதில்லை. சிங்களம் பேசுவாள், வாசிக்க வராது. பஸ் பலகையைப் பார்த்து அவளுக்கு என்ன தெரியும்? அவிசாவளை ஸ்டாண்டில் கொழும்பு பஸ்ஸும் இரத்தினபுரி பஸ்ஸும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எதில் ஏறினாளோ.

இப்போது ஞாயிறானால் நான் அவிசாவளைக்குப் போகிறேன். நேற்றும் போனேன். ஞாயிறுகளில் அங்கே கூட்டம் குறைவு, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கலாம். சாயந்திரம் நல்லையா வந்து கூட்டிப்போவார்.

நீ நல்ல மனதோடுதான் செய்தாய். எனக்குத் தெரியும். ஆனால் உன் சுவருக்குப் பின்னால் இருந்தவரைக்கும் என் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்றாவது எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் எடுத்துவிட்டாய்.

வழி தெரியாமல் என்றைக்காவது உன்னிடமே திரும்பி வந்து தட்டினால், அவளை எங்கேயும் அனுப்பாதே. என்ன கறி என்று சொல்லி, அங்கேயே வைத்துக்கொள். எனக்கு எழுத வேண்டாம்.

ராகினி