அடைப்பான் விழுந்த கிடை

தாது வருஷம், வைகாசி 20. திருமயம்.

எருவுக்காக என் கொல்லையில் செம்மறிக் கிடை போடச் சொன்னது நான்தான். விடிவதற்குள் பாதி மந்தை செத்துவிட்டது. மூக்கில் வழிந்த கறுப்பு ரத்தம் உறையவே இல்லை. அடைப்பான் நோய். அறுக்கக் கூடாது, எரிக்க வேண்டும், அந்த ரத்தம் புண்ணில் பட்டால் மனிதனுக்கும் சாவுதான் என்று மாட்டு டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

நான் போவதற்குள் மைத்துனன் சோலையன் ஓர் ஆட்டின் வயிற்றைக் கிழித்திருந்தான். அவன் பின்னால் தெருவே சட்டியோடு நின்றது.

"இம்புட்டுக் கறியும் வீணாப் போகுது. தள்ளுங்க அத்தான்."

"கத்தியக் கீழ போடுடா!"

போடவில்லை. கம்பால் முழங்கையில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மறுகையில் கத்தியை மாற்றிக்கொண்டு பாய்ந்தான். பிடுங்கி எறிந்துவிட்டு, மண்ணில் தள்ளி மிதித்தேன். கூட்டம் கலைந்தது. செத்த ஆடுகளைக் கிடைக்காரரும் நானும் எரித்தோம்.

வீட்டில் மனைவி வள்ளி முகம் கொடுக்கவில்லை. தம்பி கை எலும்பு இனி ஒட்டாதாம். சோறு வைக்கும்போதுதான் பார்த்தாள்.

"உள்ளங்கையில என்னங்க வெட்டு?"

"முள்ளுக் கிழிச்சிருச்சு."

கத்தியை அலகோடு பிடித்துத்தான் பிடுங்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் தெரியவில்லை.

இப்போது அரிக்கிறது.