தலைமேல் வைத்த கைகள்

அக்கா,

இன்று காலை அந்தப் பூட்டுச் சத்தம் மறுபடி கேட்டது. ஆலையில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் அறைக்குள் நாங்கள் நுழைந்ததும் வெளியே பூட்டிவிட்டார்கள். எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடை நெஞ்சை அடைத்தது. உன் நினைவுதான் வந்தது.

அன்றும் இதே அறைதான். பஞ்சுக்கிடங்கில் தீப்பிடித்துப் புகை உள்ளே வந்தபோது, சாவி வைத்திருந்த மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். ஜன்னல் கம்பிக்கு அப்பால் தாமிரபரணி ஓடுகிறது, நமக்கு மூச்சு முட்டுகிறது. இயந்திரம் பார்க்கும் வெள்ளைக்காரர்தான் வந்து பூட்டை உடைத்தார். மறுநாள் புதுப்பூட்டு போட்டார்கள்.

இரைச்சலில் பேச்சு எடுபடாததால் நாம் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வோம். அதைப் பார்த்து அந்த வெள்ளைக்காரர் சிரித்தார். அவர் ஊர் ஆலையில் அவருடைய அம்மாவும் அப்படித்தானாம். தமிழில் ஒரு சொல் தெரியாத மனுஷன், உன்னோடு மட்டும் கையாலேயே ஓயாமல் கதை பேசினார். ஒருநாள் கதவைக் காட்டி, எங்கள் ஊரில் பூட்ட விடுவதில்லை என்று சைகை செய்தார். எப்படி என்று கேட்டாய். இரண்டு கைகளையும் இயந்திரத்திலிருந்து எடுத்துத் தலைமேல் வைத்தார். பிறகு எல்லாரையும் சுற்றி விரலை ஓட்டினார்.

"இம்புட்டுதானாட்டி? நமக்குத் தோணாமப் போச்சே," என்றாய் வீட்டுக்குப் போகும் வழியில். எனக்கோ வேலை போய்விடுமே என்றிருந்தது.

அடுத்த நாள் நீ முதலில் வைத்தாய், பிறகு ஒவ்வொருவராக வைத்தோம். நூலெல்லாம் அறுந்து தொங்கியது. மேஸ்திரி இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கத்தினார்.

"கதவத் தொறந்து போடுங்க அண்ணாச்சி, கைய எடுக்கோம்," என்றாய் பைய.

கதவு திறந்தது, அதன்பின் பூட்டவில்லை. உன் வேலை போயிற்று, அந்த வெள்ளைக்காரரையும் அவர் ஊருக்கே கப்பல் ஏற்றிவிட்டார்கள். நீ தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாய். காய்ச்சலில் செத்துப்போன செய்தி மட்டும் திரும்பி வந்தது. அங்கேயும் பூட்டினார்களா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

நான் எங்கே போவேன்? என் பிள்ளைகள் இந்தக் கூலியில்தான் சாப்பிடுகின்றன. புது மேனேஜர் வந்தார், பூட்டும் வந்துவிட்டது. இங்கே நிற்பவர்களில் பாதிப்பேர் உன்னைப் பார்த்ததே இல்லை. கோபமாக வந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

கைகளைத் தலைமேல் வைத்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து, எதிரே நின்ற புதுப்பெண் என்னவென்று உதட்டால் கேட்டாள். கதவைக் காட்டினேன், எல்லாரையும் சுற்றி விரலை ஓட்டினேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்த நூலை விட்டாள்.

சாயங்காலம்தான் திறந்தார்கள். நாளையும் பூட்டுவார்கள். நாளை நான் தனியாள் இல்லை, அக்கா.