அனுப்பாத வரி

5 மார்ச் 1999, வெள்ளி
காலையில் இணைப்புக் கிடைக்கவில்லை. மோடம் கீச்சிட்டு ஓய்ந்தது. மத்தியானம் கிடைத்தபோது சிவசம்புவின் கடிதம் மின்னஞ்சலில் வந்திருந்தது. கிளாங்கில் மழையாம், மருமகள் தேநீருக்குச் சீனி தர மறுக்கிறாளாம். அவருடைய ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது. மன்னித்தேன். ரயில்வேயில் என் கணவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு மனைவி இல்லை, எனக்கு இவர் இல்லை. எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

பதிலின் கடைசியில், "உங்கள் கடிதம் வராவிட்டால் பொழுது நகர்வதில்லை" என்று தட்டினேன். வாசித்துப் பார்த்தேன். அழித்தேன். அதன் பிறகுதான் அனுப்பினேன்.

9 மார்ச்
தபால்காரர் மணி அடித்தார். பக்கத்து வீட்டுக்கு.

13 மார்ச், சனி
இவருடைய அக்கா குணபூசணி பங்சாரிலிருந்து வந்தார். தேத்தண்ணியைக் கையில் வாங்கியதும் தொடங்கினார்.

"என்ன பூரணம், கிளாங்கிலையிருந்து கடிதம் வராட்டி உமக்குப் பொழுதே நகருதில்லையாம்?"

பலகாரத் தட்டைச் சிந்தாமல் முன்னால் வைத்தேன். அந்த மட்டில் பெருமை. "ஆர் சொன்னது மச்சாள்?" என்றேன்.

"சொல்லக்கூடிய ஆக்கள் சொன்னவை. வயசுபோன காலத்திலை தம்பியின்ரை பெயரைக் கெடுக்காதையும்."

அந்த வரியை நான் அனுப்பவே இல்லையே. சிவசம்புவுக்கே தெரியாதது மச்சாளுக்கு எப்படி? எனக்குப் புத்தி பேதலிக்கிறதா?

14 மார்ச்
கடவுச்சொல்லை மாற்றினேன். யாராலும் ஊகிக்க முடியாத சொல்.

20 மார்ச்
குணபூசணி தொலைபேசியில்: "கிளாங் கோயிலுக்கு வரச்சொல்லி அழைப்பாமே?" அது நேற்று நான் எழுதிய பதிலில் இருந்த விஷயம். அப்படியானால் புதிய கடவுச்சொல்லும் யார் கையிலோ போய்விட்டது. போகாமல் என்ன செய்யும்? அதையும் அதே இயந்திரத்தில்தானே தட்டினேன். கணினியின் மேல் துணியைப் போட்டு மூடினேன். துணி என்ன செய்யும்? தெரிந்தும் மூடினேன்.

22 மார்ச்
துன் சம்பந்தன் சாலையில் கணினிக்கடை வைத்திருக்கும் ரமணி வந்தாள். நாற்பது வயது, வாய் ஓயாது, பேச்சின் முடிவில் 'லா' போடுவாள். வெகுநேரம் தேடினாள்.

"ஆன்டி, உள்ளே ஒரு வேவு புரோகிராம் ஒளிஞ்சி ஓடுது. நீங்க தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் எழுதி வச்சிக்கிட்டு, லைன் கிடைச்சதும் அனுப்பிடுது. அழிச்சதும் சேர்ந்து போவும்."

"வெளியிலிருந்து வந்ததா?"

"இல்லலா. டிசம்பர்ல யாரோ இந்த நாற்காலியிலேயே உக்காந்து போட்டிருக்காங்க. எங்கே போவுதுன்னு பாருங்க, இந்த அட்ரஸ் தெரியுமா?"

விஜயனுடைய முகவரி. என் மகன். பெர்த்திலிருந்து விடுமுறைக்கு வந்தவன், "கொம்பியூட்டரைப் பாதுகாப்பாய்ச் செய்து தாறன் அம்மா" என்று ஒரு பகல் முழுக்க அதன் முன் இருந்தான். நான் பக்கத்தில் நின்று தோசை கொடுத்தேன்.

"எடுத்துடவா?" என்றாள் ரமணி.

பொறு என்றேன். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து தட்டினேன்: 'விஜயன், தட்டுவது உன் அம்மா. நீ வாசிப்பது தெரியும். கூப்பிடு.'

"ஆன்டி, நீங்க லேசுப்பட்ட ஆளு இல்லலா," என்றாள்.

23 மார்ச்
கூப்பிட்டான்.

"ஆரும் உங்களை ஏமாத்திப்போடுவாங்கள் எண்ட பயம் அம்மா."

"அதை ஏன் குணபூசணி மாமிக்குச் சொன்னனி?"

"அப்பா இல்லாத வீடு. மாமிக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்லுறது?"

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டால் சொல்லியிருப்பீங்களோ?"

சொல்லியிருக்க மாட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

26 மார்ச்
ரமணி அந்தப் புரோகிராமை எடுத்தாள். காவலுக்கு வேறொரு புரோகிராம் போட்டாள். "இனிமே இதுல யாரையும் தனியா உக்கார விடாதீங்க ஆன்டி. மகனா இருந்தாலும்." புதிய கடவுச்சொல் வைத்தேன், அவள் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒழுக்கமானவள்.

பிறகு சிவசம்புவைத் தொலைபேசியில் அழைத்தேன். என் பதில்களில் அவர் வீட்டுக்கதையும் இருந்தது. அதைப் பிறர் வாசித்தார்கள் என்பதை மறைப்பது பொய்தான். கொன்வென்ட் பள்ளியில் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நிப்பாட்டுவம், மிஸிஸ் விநாயகமூர்த்தி. எனக்கும் பிள்ளையள் இருக்கினம்."

சொல்லாமல் விட்டிருக்கலாமோ? இல்லை. விட்டிருக்க முடியாது.

10 ஏப்ரல்
இயந்திரம் சுத்தமாக இருக்கிறது. கடிதம் ஒன்றும் வரவில்லை.

17 ஏப்ரல்
மறுபடியும் சோதித்தேன். ஆபத்து இல்லை என்று திரையில் வந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

21 ஏப்ரல்
விஜயனுக்கு எழுதினேன். 'வெள்ளிக்கிழமை கிளாங்குக்குப் போகிறேன். சிவசம்புவின் வீட்டுக்கு. அவர் அழைக்கவில்லை, நானாகப் போகிறேன். மாமிக்கும் நீயே சொல்லிவிடு. இதை நீ களவாக வாசிக்கவில்லை, நான் சொல்லி வாசிக்கிறாய்.'

அழிக்கவில்லை. அனுப்பினேன்.

23 ஏப்ரல், வெள்ளி
ரயிலில் போனேன். சாம்பல் சேலை. வாசல் கேற்றடியில் என்னைக் கண்டதும் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்: "இராஜம்மா, ஆள் வந்திருக்கு." மருமகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆனாலும் தேத்தண்ணி போட்டாள்.

வாசலில், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்க, இருந்தோம். கடிதத்தில் அவ்வளவு பேசுகிறவர் நேரில் வடிகாலைப் பற்றி மட்டும் பேசினார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்றுகூட நினைத்தேன்.

புறப்பட்டபோது கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாற வெள்ளியும் ரெயில் ஓடுந்தானே?"

ஓடும் என்றேன்.