மார்கழியில் பனி தேடிப் போனோம், மல்லிகா

என் ஆசை மல்லிகாவுக்கு,

உனக்குத் தலைத்திவசம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. செங்காங் வீட்டில்தான் கவிதா வைத்தாள். வாழைக்காய்ப் பொரியலில் உப்புக் குறைவு. உன் மகளுக்கு உப்புப் போடத் தெரியாது என்பது உனக்கே தெரியும். மாலை போட்டிருந்த படத்தில் நீ கட்டியிருக்கிற ஊதாச் சேலை என்னுடையது. ஒரு கல்யாணத்துக்கு என்று வாங்கிக்கொண்டு போனவள் திருப்பித் தரவே இல்லை. விழுந்து கும்பிடும்போதுகூட அதுதான் என் கண்ணில் பட்டது. என்ன செய்ய, என் மனசு அப்படி.

இதை உனக்கு மட்டும் எழுதி அலமாரியில் மடித்து வைத்திருக்கலாம். உன் பேரை நான் கெடுத்தது நாலு பேர் நடுவில். அதனால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். கூச்சப்படாதே.

நம்மைத் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நானும் நீயும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் நான், தம்பியைக் கட்டியவள் நீ. வந்த முதல் வாரமே என் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு, எங்க அம்மா வேற மாதிரி வைப்பாங்க என்று சொன்னாய். அன்று நீ சொன்னது, என்ன மீன், யார் யார் பந்தியில் இருந்தார்கள், எல்லாம் நினைவிருக்கிறது. உன் பிழை ஒவ்வொன்றையும் தேதியோடு சொல்வேன். என் பிழை ஒன்றைத்தான் இத்தனை நாள் சொல்லவில்லை.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். ரொட்டி, வெண்ணெய், வெட்டிய பழம் என்று தட்டில் அடுக்கி வண்டியில் ஏற்றுவது வேலை. எந்த ஊருக்குப் போகிறது என்று வண்டியில் ஒட்டியிருக்கும். நியூசிலாந்து வண்டி வந்தால் நீ அதைத் தடவிக்கொடுத்துத்தான் தள்ளுவாய். குளிர் அறைக்குள் போனால் வாயைத் திறந்து புகை விட்டுக் காட்டுவாய். ஒரு நாள் சொன்னாய்: "இது பெட்டிக்குள்ள அடைச்ச குளிர்க்கா. வானத்துலேருந்து விழுகிற குளிரை ஒருதடவை பார்க்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் கேட்டாய். நகை கேட்டாயா, நட்டுக் கேட்டாயா?

நம் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்து, நாமும் வேலையை விட்டு நின்ற பிறகுதான் அந்தப் பேச்சு மறுபடி வந்தது. நம் ஊரில் காலம் ஏது? வெயில், மழை, ஏசி. நல்ல காலம் பார்த்துப் பயணம் போகிறவர்கள் போகிற ஊரின் வானத்தைப் பார்ப்பார்கள். நாம் புக்கிட் பாத்தோக்கில் என் வீட்டு அடுப்படிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தோம். நான் சொல்லச் சொல்ல நீ பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாய். தை, பூசம். மாசியில் மகன் வீட்டில் காதுகுத்து. பங்குனி, உத்திரம். சித்திரையும் வைகாசியும் பேரப்பிள்ளைகளின் பரீட்சை. ஆனியில் பள்ளி விடுமுறை, பிள்ளைகள் என் தலையில். ஆவணியில் வரிசையாகக் கல்யாணம். புரட்டாசி விரதம், விமானத்தில் எந்தக் கரண்டி எதைத் தொட்டிருக்கும் என்று நமக்குத்தான் தெரியுமே. ஐப்பசி தீபாவளி, கார்த்திகை விளக்கு.

ஆடியை நான் வாய் திறந்து சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கோவிலில் ஆடிக்கூழ் காய்ச்சுவது பதினெட்டு வருஷமாக என் கை. ஒரு வருஷம் நான் இல்லையென்றால் என் இடத்துக்குக் காத்திருக்கிற தனபாக்கியம் அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொள்வாள், பிறகு விடமாட்டாள். நீயே அதை அடித்துவிட்டாய்.

மிஞ்சியது மார்கழி. மார்கழி என்றால் பனிதானே என்றேன். டிசம்பரில் ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடைகளில் பஞ்சை ஒட்டிப் பனி என்று காட்டுகிறார்களே, சும்மாவா என்றேன். நீ கொஞ்சம் இழுத்தாய். டிவியில் நியூசிலாந்துப் பனியைக் காட்டியபோது ஜூலை என்று போட்ட மாதிரி இருந்தது என்றாய். நான் உன்னைப் பார்த்த பார்வையில் பென்சிலைக் கீழே வைத்தாய்.

இதுவரைக்கும் அறியாமை. இதற்கு மேல் நடந்ததைத்தான் நீ கேட்க வேண்டும்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மாடியில் இருந்த அந்த டிக்கெட் கடைக்குப் போனோம், ஞாபகமா? நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பூ வாங்கி வருகிறேன் என்று நீ கீழே இறங்கினாய். பனி பார்க்கப் போகிறோம் என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். கடையில் இருந்த பையன் எழுதுவதை நிறுத்தினான்.

"ஆன்ட்டி, பனின்னா டிசம்பர் வேணாம் லா. அங்க அப்போ நல்ல வெயில், எல்லாம் தலைகீழ். ஜூலை, ஆகஸ்ட் போங்க, கொட்டும்."

ஜூலை, ஆகஸ்ட் என்றால் ஆடி. ஆடி என்றால் தனபாக்கியம். டிசம்பரே போடுங்க தம்பி என்றேன். கீழே போன ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்றான். அவளுக்கும் அதுதான் வேண்டும் என்றேன். நீ மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாய். கையில் இரண்டு முழம் மல்லிகை. பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாய்.

எவ்வளவு பெரிய பொய் என்று பார். ஒரு வார்த்தைகூட நான் உன்னிடம் பொய்யாகச் சொல்லவில்லை. சும்மா இருந்தேன், அவ்வளவுதான்.

கவிதாவிடம் பனி என்று மூச்சுவிடக் கூடாது, உடம்புக்கு ஆகாது என்று தடுத்துவிடுவாள் என்று நீதான் சொன்னாய். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லிவைத்தோம். தேக்கா சந்தையில் வாங்கிய கம்பளிச் சட்டை, குல்லா, கையுறை எல்லாவற்றையும் என் வீட்டுக் கட்டிலடியில் ஒளித்தோம். வாரம் ஒருமுறை வந்து எடுத்துப் போட்டுப் பார்ப்பாய். நான் பார்த்துக்கொண்டு இருந்தேனே, மல்லிகா.

அங்கே போய் இறங்கினோம். வெயில். இரவு ஒன்பது மணிக்கும் சூரியன் போகவில்லை. நம்மோடு பஸ்ஸில் வந்தவர்கள் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள். நீ மட்டும் அந்தக் கம்பளியை ஆறு நாளும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போன பையன் மைக்கிலேயே கேட்டான், ஆன்ட்டி ஃப்ரிட்ஜுக்குள்ள உட்காரப் போறீங்களா என்று. பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ஒரு ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். தூரத்து மலை உச்சியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. நீ செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாய். "அக்கா, இது மேல பனியா இருந்த தண்ணியாம். உருகி வருதாம். வந்து காலை வச்சுப் பாருங்களேன்." நான் பெஞ்சில் இருந்து எழவில்லை. முட்டிவலி என்றேன். முட்டி அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. உன் முகத்தைப் பக்கத்தில் பார்க்க முடியவில்லை, அதுதான்.

திரும்பி வந்து பொங்கலன்று எல்லோரும் என் வீட்டில் கூடினோம். கட்டிலடியில் இருந்து கம்பளி வெளியே வந்தது, கதையும் வெளியே வந்தது. கவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பனி பார்க்க டிசம்பரில் போகலாம் என்று முடிவு செய்தது யார் என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உங்கம்மாதான் மார்கழின்னா பனின்னு ஒத்தக்கால்ல நின்னா" என்றேன்.

நீ கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாய். ஒரே ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு, "ஆமா, எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு மறுபடி வெட்டத் தொடங்கினாய்.

அன்றிலிருந்து அது நம் குடும்பத்தின் சிரிப்புக் கதை. பிறந்தநாள், வளைகாப்பு, எங்கே கூடினாலும் அதைச் சொல்லாமல் இலை எடுத்ததில்லை. என் வீட்டுக் கரண்டி காணாமல் போனதற்கே மூன்று வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தவள் நான். நீ ஏன் என்னோடு ஒரு நாள்கூடப் பேசாமல் இருக்கவில்லை? கடைக்காரப் பையன் சொன்னதையும் எப்படியாவது தெரிந்துகொண்டிருந்தாயா? தெரிந்தும்தான் சும்மா இருந்தாயா? இரண்டில் எது என்று தெரிந்தால் என் பாரம் குறையுமா என்று யோசிக்கிறேன். ஒன்றும் குறையாதுபோல.

அடுத்த வருஷம், இந்த ஆடிக்காவது கரண்டியை யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்களேன் என்று கேட்டாய். வரும் வருஷம் பார்க்கலாம் என்றேன். அதற்கடுத்த வருஷம் நீ கேட்கவில்லை. அப்போதே உனக்கு வயிற்றில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது, நமக்குத் தெரியாது. பங்குனியில் போய்விட்டாய். மூத்தவள் நான் இருக்க, எனக்கு முன்னால் பந்தியில்கூட உட்காராத நீ இதில் மட்டும் முந்திக்கொண்டாய்.

பதினாறாம் நாள் காரியத்திலும் கவிதா அந்தக் கதையைச் சொன்னாள். அம்மாவுக்கு சீசன்கூடப் பார்க்கத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

உனக்காக ஒரு வருஷம் நம் இரண்டு வீட்டிலும் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. துக்கம் காக்கிற பங்காளி வீடு என்பதால் ஆடிக்கூழும் எனக்கு இல்லை. தனபாக்கியம்தான் காய்ச்சினாள். நன்றாக இருந்தது என்று என்னிடமே வந்து சொன்னார்கள். எந்தக் கரண்டி என் கையை விட்டுப் போகக் கூடாது என்று உன்னை வெயிலுக்குக் கூட்டிப்போனேனோ, அதை நீ செத்ததால் கொடுத்தேன். கொடுத்தபோது கை வலிக்கக்கூட இல்லை.

திவசத்துக்கு அடுத்த ஞாயிறு கவிதா என்னைத் தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போனாள். கறி வாங்கிவிட்டு, குடிக்க இரண்டு கிளாஸ் தே வாங்கி உட்கார்ந்தோம். அம்மா பார்க்க ஆசைப்பட்ட பனியை அம்மா பேரைச் சொல்லி நான் போய்ப் பார்க்கப் போகிறேன் என்றாள். போனில் எதையோ எடுத்து என் பக்கம் திருப்பினாள். "எந்த மாசம்னு நீங்களே சொல்லுங்க பெரியம்மா. அம்மா மாதிரி நானும் தப்பா புக் பண்ணிடக் கூடாது லா."

என்னைக் கேட்கிறாள், மல்லிகா. எனக்குத்தான் சரியாகத் தெரியும் என்று நம்பிக் கேட்கிறாள்.

சொல்லிவிட்டேன். டிக்கெட் கடை, பையன் சொன்னது, நீ பூ வாங்கப் போயிருந்தது, ஆடி, தனபாக்கியம், பொங்கலன்று நான் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவிதா கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில அம்மா ஏசி குளிருதுன்னு சொன்னாங்க. டிசம்பர்ல பனி பார்க்கப் போனவங்களுக்கு இதெல்லாம் ஒரு குளிரான்னு கேட்டுச் சிரிச்சேன் பெரியம்மா. அம்மாவும் சிரிச்சாங்க."

பிறகு எழுந்து போய்விட்டாள். அவள் தே அப்படியே இருந்தது. நானும் குடிக்கவில்லை.

ஒன்பது நாள் அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. என்ன சொல்ல? யாரையாவது மன்னித்துப் பழகியிருந்தால் மன்னிப்புக் கேட்கவும் தெரிந்திருக்கும்.

பத்தாம் நாள் கூப்பிட்டாள். எப்படி இருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. "ஜூலை கடைசி வாரம். உங்களுக்கும் சேர்த்து எடுத்துட்டேன். நான் மறந்துட்டேன்னு நினைக்காதீங்க, மறக்க மாட்டேன். ஆனா தனியா போக முடியல பெரியம்மா." வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஒரே அறைதானாம். நான் குறட்டை விட்டால் எழுப்பிவிடுவாளாம். போனை வைத்துவிட்டாள்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அங்கே பஸ்ஸில் யாராவது இதுதான் முதல் தடவையா என்று கேட்டால், இல்லை, முன்பே ஒரு தடவை வந்தேன், தப்பான மாசம் என்று தெரிந்தே என் ஓரகத்தியைக் கூட்டி வந்தேன், அவள் இன்று இல்லை என்று சொல்வேன். உன் மகள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வேன். அதற்கு அவள் என்னை எத்தனை வார்த்தை சொன்னாலும், ஒன்றுக்கும் பதில் பேச மாட்டேன்.

உன் மூத்த ஓரகத்தி,
கவிதாவின் பெரியம்மா
ருக்மணி