யுவராணியின் எலும்பில் ஒரு வெள்ளைக் கோடு

இராஜபாளையம்

அன்பு மகன் பாண்டிதுரைக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை யுவராணியும் சுகம், அவள் கால் உட்படச் சுகம். அந்தப் பனியில் நீ உடம்பைப் பார்த்துக்கொள். போனில் சொன்னால் பாதியில் லைன் போய்விடும், உனக்கும் கோபம் வந்துவிடும், அதனால்தான் கடிதமாக எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

"அவள இனி ஓட விடாதீங்கம்மா, போலீஸ் வேலையும் வேண்டாம்" என்று நேற்று நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். யார் பேச்சைக் கேட்டு எழுதினாய் என்றும் தெரியும். முட்டிக்குக் கீழே வலி என்று அவள் சொன்னதும் எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிக் கொடுக்க நான்தான் எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பின் ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு நிழல். வத்திராயிருப்பிலிருந்து வந்த உன் மாமா உக்கிரபாண்டி அதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, பிள்ளைக்கு எலும்பில் புற்று என்று எழுதிவிட்டார். புற்று இல்லை என்று நான் சொன்னால், "படம் எடுக்கிறவளுக்கு என்னட்டி தெரியும், காலை எடுக்கிறதுக்கு முன்ன ஒருத்தன் கையில புடிச்சுக் குடு" என்கிறார்.

இருபத்திரண்டு வருஷமாக எலும்பைத்தான் பார்க்கிறேன். கெட்ட கட்டிக்கு வரப்பு கிடையாது, நோய் எங்கே முடிகிறது நல்ல எலும்பு எங்கே தொடங்குகிறது என்று விரல் வைக்க முடியாது, கரையான் அரித்த மாதிரி இருக்கும், எலும்பின் மேல்தோலும் வெங்காயச் சருகாகப் பிரிந்து நிற்கும். இவளுடையதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு, எங்கும் அறுபடவில்லை. மெதுவாக வளர்ந்ததால்தான் எலும்புக்கு வரப்பு கட்ட நேரம் கிடைத்திருக்கிறது. ஆனாலும் பெற்றவள் கண்ணை நான் நம்பவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய் எலும்பு டாக்டரிடம் காட்டினேன். இளவயதில் வருவதுதான், கத்தி வைக்க வேண்டாம், தானே ஆறும், ஆறு மாதம் கழித்து ஒரு படம் போதும், வலி தசைப்பிடிப்பால் வந்தது, பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு ஓடலாம் என்றார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டையும் அதே குரூப்பில் போட்டேன். அதை நீ பார்க்கவில்லை போலிருக்கிறது.

போன வாரம் முழுதும் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் ஓடினாள், நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். என் அண்ணனின் உறவு போனாலும் போகட்டும், நிறுத்த மாட்டேன். நீ பட்டாளத்துக்குப் போகும்போது என்ன நடக்கும் என்று தெரியாமலா அனுப்பினேன்? அழுதேன், தடுக்கவில்லை. நல்ல காலை வைத்துக்கொண்டு அவள் மட்டும் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்?

ஆண்டாள் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். திங்கட்கிழமை போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு, அதற்குள் அவளுக்கு ஒரு போன் போடு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், ஓடு என்று மட்டும் சொல். மாமா எழுதியதை அவள் நம்பவில்லை. நீ எழுதியதைப் படித்ததிலிருந்து வலியில்லாத அந்தக் காலை இழுத்து நொண்டுகிறாள்.

உன் அம்மா
கனகலட்சுமி