சரோஜாவுக்கு ஒத்துக்கிற துணி

8-2-59, ஞாயிறு

வெயில் நல்லா அடிக்குது, காத்து மட்டும் ஜில்லுனு. கா. 6-க்கே தண்ணி பிடிச்சாச்சு. நாலு குடம்.

நேத்து சரோஜாவைக் கட்கியில் இருக்கிற டாக்டரிடம் கூட்டிப் போனேன். கல்யாணமாகி இங்கே வந்து பதினாலு மாசம். இந்த ஒரு மாசத்திலேயே மூணு தடவை மூச்சிழுப்பு. டாக்டர் மராட்டிக்காரர். முதுகில் குழாய் வச்சுக் கேட்டுட்டு, "கர் மே தூள் பில்குல் நஹி சாஹியே" என்றார். வீட்டில் தூளே கூடாதாம். எனக்கு மிளகாய்த்தூள் ஞாபகம்தான் வந்தது. சரோவுக்கும் அதேதான். வீட்டுக்கு வந்ததும் மிளகாய்த்தூள் டப்பாவைக் காகிதத்தில் சுத்திப் பரண்மேல் ஏத்திட்டா. ராத்திரி ரசத்தில் காரமே இல்லை.

இன்னைக்குக் காலையில் பக்கத்து அறை சாந்தாபாய் கேட்டுட்டுச் சிரிச்சாங்க. தூள் என்றால் இந்தியில் தூசியாம். ஆறு வருஷமா பூனாவில் இருக்கேன், பஸ்ஸுக்கும் கடைக்கும் வேண்டிய இந்திதான் தெரியும் என்று இன்னைக்குத் தெரிஞ்சது.

தூசிக்கு இங்கே பஞ்சமா. கசார்வாடி, பம்பாய் ரோட்டுக்கு முப்பது அடி தள்ளி ஒத்தை அறை, மேலே தகரம். ஒவ்வொரு லாரிக்கும் ஜன்னல் வழியா ஒரு கூடை மண்.

மத்தியானம் மச்சான் கடிதாசி. சரோவின் அண்ணன், குடியாத்தத்தில் இருக்கார். "வரும் 20-ந் தேதி வெள்ளிக்கிழமை அங்கு வந்து தங்கையை அழைத்துக்கொள்கிறேன். மழைக்காலம் முடியும்வரை இங்கேயே இருக்கட்டும்." எட்டு மாசம். மச்சான்மேல் தப்பு சொல்ல முடியாது. அவங்க அம்மா இழுப்பில்தான் போனாங்க. சரோவுக்கு அப்போ பத்து வயசு.

சரோ கடிதாசியைப் படிச்சுட்டு மடிச்சு வச்சா. ஏப்ரலில் அவளுக்குத் தையல் பரீட்சை. பாஸானால் மிலிட்டரி உடுப்பு தைக்கிற இடத்தில் வேலை கிடைக்கும்.

முடிவு பண்ணிட்டேன். தூசிதான் எதிரி என்றால் தூசியை நான் பாத்துக்கறேன். பன்னிரண்டு நாள் இருக்கு. பத்து வருஷம் மெஷின் துடைச்ச கை இது.

துடைக்க வேண்டியவை: டிரங்குப்பெட்டி 2, அலமாரி தட்டு 3, சாமி படம் 4, தையல் மெஷின், கட்டில், ஜன்னல் கம்பி, பரண். அவ்வளவுதான் வீடே.

9-2, திங்கள்

ஸ்டோர்காரரிடம் கேட்டு நூல் கழிவு ஒரு பிடி வாங்கி வந்தேன். ஒர்க்ஷாப்பில் நாங்க வேஸ்ட் என்போம். ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டுக் கசக்கித் துடைச்சா லேத்து கண்ணாடி மாதிரி ஆகும். தூசி அப்படியே ஒட்டிக்கும், பறக்காது. இதைவிட நல்லது உலகத்தில் இல்லை என்று சரோவிடம் சொன்னேன்.

பெட்டி பளபள. அலமாரி பளபள. அரை மணியில் முடிச்சேன்.

சரோ உள்ளே வந்து மூக்கை முந்தானையால் பொத்திக்கிட்டா. "இன்னாங்க இது, வூடா, லாரி ஷெட்டா?" கண்ணில் தண்ணி. இருமல் நிக்கவே இல்லை. சோடா காரம் போட்டு எல்லாத்தையும் திரும்பக் கழுவினேன். ராத்திரி சோத்தில்கூட ஆயில் வாசனை.

வேஸ்ட் கூடாது. பரவாயில்லை, ஒண்ணு கழிஞ்சது.

10-2, செவ்வாய்

ஷிப்டு 3.30-க்கு முடிஞ்சது. நேரே கட்கி பஜார். இறகு டஸ்டர் வாங்கினேன். சேவல் இறகு, செவப்புக் கைப்பிடி, ஒரு முழ நீளம். கடைக்காரர் சொன்னார், கன்டோன்மென்ட் பங்களாவெல்லாம் இதுதானாம். நல்ல கனம், நல்ல வளைவு. பஸ்ஸில் எல்லாரும் அதையேதான் பார்த்தாங்க.

நாளைக்குப் போடுறேன் ஒரு போடு.

11-2, புதன்

எழுதவே பிடிக்கலை. இருந்தாலும் எழுதிடறேன்.

மா. 4-க்கு வந்ததும் சரோவை வெளியே சாந்தாபாயோட உக்காரச் சொல்லிட்டு ஆரம்பிச்சேன். இறகு அருமையா ஓடிச்சு. கம்பி இடுக்கு, படத்துப் பின்பக்கம், மெஷின் சக்கரம், கை போகாத இடமெல்லாம் போச்சு. கால் மணி நேரம்கூட இல்லை. பெட்டிமேல் விரல் வச்சுப் பார்த்தேன், சுத்தம். சரோவைக் கூப்பிட்டேன்.

அவ உள்ளே வந்து கட்டிலில் உக்காந்தா. தகரத்தில் ஒரு ஆணி ஓட்டை உண்டு, அது வழியா வெயில் கோடு மாதிரி இறங்கும். அப்போதான் பார்த்தேன். அந்தக் கோடு முழுக்கத் தூசி. நான் தட்டினது எல்லாம் அங்கேயே மிதந்துக்கிட்டு இருக்கு.

வெளியே வா என்று சொல்றதுக்குள்ளே ஆரம்பிச்சுடுச்சு. இதுவரைக்கும் வந்ததிலேயே இதுதான் மோசம். பேச முடியலை, உதடு வெளுத்துப் போச்சு. சாந்தாபாய் ஓடி வந்து வெளியே இழுத்து உக்கார வச்சு முதுகைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. மாத்திரை, வெந்நீர். நான் இறகைக் கையில் வச்சுக்கிட்டே நின்னேன். சாந்தாபாய்தான் அதைப் பிடுங்கித் தூரப் போட்டாங்க.

ஒரு மணி நேரம் ஆச்சு மூச்சு சீராக. என்னால வந்தது. நானே பண்ணினது.

12-2, வியாழன்

லீவு போட்டேன். திரும்ப டாக்டர். இறகு டஸ்டர் கதையைச் சொன்னேன். கோபப்படலை. "தூசியை வெளியே அனுப்பலியே நீ, பெட்டியிலேருந்து அவங்க மூக்குக்கு மாத்தியிருக்கே" என்று இந்தியில் சொன்னார். இந்தத் தடவை எல்லாம் புரிஞ்சது.

சாயங்காலம் சரோ சுவரில் சாஞ்சு உக்காந்து பேசினா. குரல் கம்மிப்போய்.

"நீங்க தூசியை அடிக்கிறீங்க. அடிச்சா பறக்கும். அது உக்காந்த எடத்துலயே புடிக்கணும்."

"எதால புடிக்கிறது?"

"துணியாலதான். எந்தத் துணின்னு பாக்கணும். துணி எனக்குத் தெரியும். அந்தப் பையை எடுங்க."

தையல் வகுப்புத் துண்டுத்துணிப் பை. நான் பெட்டிமேல் துடைச்சுக் காட்ட, அவ பார்த்துச் சொன்னா. வாசலுக்கு வெளியே வச்சுத்தான்.

காடாத் துணி: மொறமொறப்பு. தூசியைத் தள்ளுது, எடுக்கலை.
பட்டுத் துண்டு: வழுக்கிட்டுப் போகுது.
புது டவல்: தண்ணி குடிக்குது, ஆனா தானே பஞ்சு உதிர்க்குது. இருக்கிறது போதாதா.
ஃபிளானல்: நல்லாத்தான் புடிக்குது. உதறினாலும் விடமாட்டேங்குது, காயவும் ரெண்டு நாளாகும்.
பழைய மல் துணி, கைக்குட்டை அளவு: இதுதான். மெதுவா இருக்கு, தூசி உள்ளே போய் உக்காந்துக்குது, அலசினா விட்டுடுது.

"இன்னும் பெருசா வேணும். நூறு வாட்டி தொவைச்சதா இருக்கணும்." சொல்லிட்டு என் இடுப்பைப் பார்த்தா.

நான் கட்டியிருந்தது ஷிப்டு முடிஞ்சு வந்து கட்டுற மல் வேட்டி. ஏழு வருஷ வேட்டி. அதைக் கட்டினால்தான் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். வேறே பழைய துணி இருக்குமே என்றேன். "இருக்குது, ஆனா இது மாதிரி இல்ல" என்றா.

குடுத்தேன்.

13-2, வெள்ளி

வேட்டி எட்டுத் துண்டாச்சு. சரோ உக்காந்தபடியே ஓரமெல்லாம் மடிச்சுக் கையால் தைச்சா, நூல் பிரியாம இருக்க. முகத்தில் இப்போ கொஞ்சம் தெளிவு.

முதலில் சொட்டச் சொட்ட நனைச்சுத் துடைச்சேன். பெட்டிமேல் சேறு கோடு கோடா. முருகன் படத்தில் தண்ணி இறங்கப் பார்த்துச்சு, நல்லவேளை. ரெண்டாவது தடவை நல்லாப் பிழிஞ்சு, உதறினா ஒரு சொட்டு விழாத மாதிரி. கோடே இல்லை.

இன்றைய பாடம்:
நாலா மடிக்கணும். ஒரு பக்கம் அழுக்கானா அடுத்த பக்கம் திருப்பணும்.
ஒரே திசையில் இழுக்கணும். வட்டமாச் சுத்தக் கூடாது.
மேலேயிருந்து கீழே. பரண் முதல்ல, கட்டில் கடைசி.
வாளித் தண்ணியில் அலசணும், உதறக் கூடாது.
கொடி ரோட்டுப் பக்கம் வேண்டாம். சாந்தாபாயோட பின்பக்கக் கொடி. இதைக் கண்டுபிடிச்சது நான்.

15-2, ஞாயிறு

பெரிய வேலை இன்னைக்கு. ஒட்டடைக் கம்பு நுனியில் ஈரத் துணியைக் கட்டித் தகரத்து அடிப்பக்கம் முழுக்கத் துடைச்சேன். பதினோரு வாளி தண்ணி. முதல் வாளி டீ மாதிரி, கடைசி வாளி கிட்டத்தட்ட குடிக்கிற தண்ணி. தரையும் துடைப்பம் இல்லாம ஈரச் சாக்குதான்.

குழாயடியில் துணி அலசும்போது லேத்து வேலை பார்க்கிற ஒருத்தர், "காய் பாவூ, பாய்கோச காம் கர்தோஸ்?" என்றார். பொண்டாட்டி வேலை பார்க்கிறியான்னு. ஆமா, உங்க வீட்டுக்கு வந்து விரல் வச்சுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். குடத்தைத் தூக்கிட்டுப் போயிட்டார்.

மா. 4, ஆணி ஓட்டை வெயில். நானும் சரோவும் ரெண்டு பக்கமும் நின்னு பார்த்தோம். தூசி இருக்கு, இல்லாம இல்லை. எண்ணிடலாம் போல இருந்துச்சு. சரோ மெதுவா ஒரு முழு மூச்சு இழுத்து விட்டுக் காட்டினா.

சாந்தாபாய் ஒரு பட்கா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. துடைக்கிற துணிக்கு அவங்க பேர் அது. நாங்களும் இப்போ பட்கா என்றுதான் சொல்றோம்.

18-2, புதன்

ஏழு நாளா இழுப்பு இல்லை. எழுதவே பயமா இருக்கு, எழுதிட்டேன்.

இன்னைக்கு ஒரு சண்டை. ஓவர்டைம், வர 6 ஆச்சு. வந்து பார்த்தா வீடு துடைச்சிருக்கு, கொடியில் மூணு பட்கா காயுது. யார் துடைச்சது என்று கேட்டேன்.

"நாந்தான்."

"உன்னை யார் தொடச் சொன்னா? ஏதாச்சும் ஆயிருந்தா?"

"ஆவலையே. ஈரத்துணியில எங்க பறக்குது? நீங்கதான இப்பிடித் தொடைக்கணும்னு பாடம் எழுதி வச்சிருக்கீங்க, அதும்படிதான் செஞ்சேன்."

இந்த நோட்டைப் படிக்கிறா போலிருக்கு. இருக்கட்டும்.

நான் விடலை. டாக்டர், மச்சான் என்று அடுக்கினேன். அவ பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னா: "என் வூடுங்க இது. கண்ணாடிப் பொம்மை மாதிரி வச்சு நீங்க தொடைச்சிக்கினு இருந்தா, அப்புறம் அண்ணன் கூட்டிக்கினு போறதுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?"

எழுந்து தட்டை எடுத்து வச்சேன். சாப்பிட்டோம்.

20-2, வெள்ளி

மச்சான் வந்துட்டார். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும், "மாப்ள, எளச்சிட்டீங்களே" என்றார். பெரிய உடம்பு, நல்ல மனசு. ரெண்டு நாள் ரயில் மண் முழுக்க அவர்மேல்.

வீட்டுக்குள் வந்ததும் தங்கையைப் பார்த்த சந்தோஷத்தில் படுக்கைச் சுருளை அவிழ்த்து ஜமக்காளத்தை ஒரு உதறு உதறினார். தடுக்க நேரமில்லை.

சரோ இருமினா. அப்புறம் இழுப்பு. மச்சான் முகத்தில் ரத்தமே இல்லை. அவங்க அம்மாவைப் பார்த்த பிள்ளைதானே. நான் பதறி எழுந்தேன். சரோ கையைக் காட்டி என்னை நிறுத்திட்டா. தானே எழுந்து வெளியே போனா, மாத்திரை போட்டா, படியில் குனிஞ்சு உக்காந்து முழங்காலில் கையூனி மெதுவா மூச்சு விட்டா. இருபது நிமிஷம். அடங்கிடுச்சு.

மச்சான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "துணிமணியைக் கட்டும்மா. நாளைக்கே கிளம்பலாம்" என்றார்.

"நான் வர்லண்ணா."

"அம்மாவையும் இப்பிடித்தான் ஒக்கார வச்சிக்கினு பாத்துக்கினு இருந்தோம் சரோஜா. இன்னொருவாட்டி பாக்க என்னால ஆவாது."

"அம்மாவுக்கு எதனால வருதுன்னு யாருக்கும் தெரியல. எனக்குத் தெரியுது. ஒன்பது நாளா வரல. இன்னிக்கு வந்தது உன் ஜமக்காளத்தால. அங்க வந்தா தினம் யாராவது ஒருத்தர் உதறுவீங்க. இங்க உதறாத வூடு ஒண்ணு பண்ணி வச்சிருக்கேன். பரீட்சை முடியட்டும், சித்திரையில வந்து பத்து நாள் இருக்கேன்."

இவ்வளவு நீளமா அவ பேசி நான் கேட்டதில்லை. மச்சான் என் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னா சொல்றீங்க மாப்ள?"

பன்னிரண்டு நாளா நான் மனசுக்குள் தயார் பண்ணி வச்ச பேச்சு ஒண்ணு இருந்துச்சு. நல்ல பேச்சு. அது தேவைப்படலை.

"அவ சொன்னதுதான் மச்சான்."

22-2, ஞாயிறு

மச்சானே ஜமக்காளத்தைக் குழாயடியில் துவைச்சார். நேத்தும் இன்னைக்கும் காலையில் சரோ துடைக்கிறதைப் பக்கத்தில் நின்னு பார்த்தார். இன்னைக்கு ஒரு பட்காவை வாங்கி ஜன்னல் கம்பி பூரா அவரே துடைச்சார். "பிழிஞ்சது போதாதுண்ணா" என்று திருப்பிக் குடுத்தா. ரெண்டாவது தடவை சரியாப் பிழிஞ்சார்.

மாலை வண்டிக்கு ஏத்திவிட்டேன். வண்டி நகரும்போது, "அங்க வரும்போது முன்னாடியே கடுதாசி போடச் சொல்லுங்க. ஒரு வாரம் முன்னாடியே வூட்டைத் தொடைச்சி வைக்கணும்" என்றார்.

23-2, திங்கள்

மேகம். காத்து இல்லை. கா. ஷிப்டு.

கிளம்பும்போது சரோ முக்காலிமேல் ஏறிப் பரணைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. பிடிக்கட்டுமா என்றேன். "மணி ஆவுது, போங்க" என்றா.

போயிட்டேன். ரெண்டாம் நம்பர் லேத்தில் பெல்ட் அறுந்துச்சு, மாத்தினேன். சாப்பாட்டு மணி அடிச்சு டப்பாவைத் திறக்கிற வரைக்கும் வீட்டு நினைப்பே வரலை.